விசாகனுக்கு நாளை ஊசி

‘என் சம்சாரம் செத்து நாலு மாசம் ஆச்சு. நாளைக்கு வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுக்கச் சொல்லி இன்னும் அவ பேருக்கு மெசேஜ் அனுப்பிட்டிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?’

இப்படி ஒரு ஆள் பொள்ளாச்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதினானாம். அவர்கள் அதை உங்கள் கம்பெனிக்கு அனுப்பினார்களாம். உங்கள் சார் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினார். நான் அடுத்த கட்டைப் பிரித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ‘இதுக்கு என்ன சொல்ற வத்சலா? அந்த மனுஷனுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?’ என்றார். நான் எதற்கு அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்? பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டுப் போகட்டும் என்றேன். நகைக்கடைக்காரன் எனக்கு அனுப்புகிற மெசேஜையெல்லாம் நான் அழிக்கவில்லையா? கீரைத்தண்டைப் போட்ட போடில் முறம் கவிழ்ந்தது. அதையும் நான்தான் பெருக்கினேன்.

உட்கார், மித்ரா. அந்த நாற்காலி வேண்டாம், அதில் இவர் துண்டு காய்கிறது. இப்படி வா. கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை, திறக்க மாட்டார். தூங்கவும் இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா? தூங்கும்போது ஃபேன் ஆகாது அவருக்கு, மூக்கடைத்துக்கொள்ளும். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். நீ வெளியில் நின்று, ‘சார், திங்கக்கிழமை விடலாமா வேண்டாமா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்’ என்று கெஞ்சினாயே, எல்லாம் காதில் விழுந்திருக்கும். ‘நீயே பாத்து முடிவு பண்ணும்மா’ என்று ஒரு குரல் வந்ததே, அதுவே உனக்குப் பெரிசு. எனக்கு வியாழக்கிழமையிலிருந்து அதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்.

காபியைக் குடி. சர்க்கரை போட்டிருக்கிறேன். இந்த வயதில் சர்க்கரை வேண்டாம் என்கிற பாசாங்கெல்லாம் என்னிடம் செல்லாது.

நீ சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இல்லையா? அப்படியானால் உனக்கு ஆபீஸ் பக்கத்துக் கதைதான் தெரியும். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு, அதைச் சரி செய்தாயிற்று, சரியாகத்தான் செய்திருக்கிறதா என்று டெஸ்டிங்கில் பார்த்து, சரி என்றால் ரிலீஸ் என்று வெளியே விட வேண்டும், உங்கள் சார் சரி என்று சொல்லாமல் படுத்துக்கொண்டார். அவ்வளவுதானே உனக்குத் தெரியும்? வீட்டுப் பக்கத்தைக் கேள்.

டிவிக்கு மேலே படத்தில் இருக்கிறானே, அவன்தான் எங்கள் விசாகன். மாலை போடவில்லை. பூ காய்ந்தால் டிவிக்குள் உதிரும்.

பதினொரு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கிற்று. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற வழியில் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டது என்றார்கள். அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இடுப்பில் போடுவார்கள். கெட்டி மருந்து. அன்றைக்கு முழுவதும் நொண்டிக்கொண்டிருப்பான். பத்து வருஷம், ஒரு ஊசி தவறவிடவில்லை நான். இழுத்துக்கொண்டு போவேன். காலேஜ் போன பிறகும் இழுத்துக்கொண்டு போனேன். ‘அம்மா, ஸ்கூல் பையன் மாதிரி கையப் பிடிக்காதம்மா, நர்ஸெல்லாம் சிரிக்கிறாங்க’ என்பான். சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறு என்ன வேலை என்பேன். இவர் ஒரு தடவை வந்ததில்லை. எப்போதும் ரிலீஸ், ரிலீஸ், ரிலீஸ். இவர் கம்பெனி செய்துகொடுத்த சாஃப்ட்வேர்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஓடுகிறது என்பதில் மட்டும் ஒரு பெருமை. வாசல் வரைக்கும் வந்து, ‘மெசேஜ் நேத்துக் காலையில கரெக்டா வந்துச்சா?’ என்று கேட்பார். பிள்ளையைப் பற்றி விசாரிக்க மாட்டார். மெசேஜைப் பற்றித்தான் விசாரணை.

ஆமாம், ஊசிக்கு முந்தின நாள் வரும். என் போனுக்கு. ‘அன்புள்ள விசாகன், நாளை உங்களுக்கு ஊசி போடும் நாள். காலை உணவு சாப்பிட்டுவிட்டுத் தவறாமல் வரவும்.’

போன ஆடியில் போய்விட்டான். கெட்ட வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டது என்றார்கள். ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகும் என்றார் டாக்டர். ஆகும் என்றால் எதற்கு அத்தனை ஊசி? அதற்கு அவர் முழித்தார். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்களிடம் இப்படி முழித்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் அவரவர் பாத்திரத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போன அந்த வாரத்திலேயே மெசேஜ் வந்தது. அன்புள்ள விசாகன். நாளை உங்களுக்கு ஊசி. எனக்கு வந்த கோபத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ‘வணக்கம், சொல்லுங்க’ என்று ஒரு பெண். நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது.

இவர்தான் பிறகு விளக்கினார். அவன் போனது வார்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். மெசேஜ் அனுப்புகிற கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம். ஒன்று இன்னொன்றிடம் சொல்வதில்லையாம். அப்படியானால் இந்த வீடு மாதிரி என்றேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் வேடிக்கையைக் கேள். பொள்ளாச்சிக்காரன் எழுதுவதற்கு எத்தனையோ மாதத்துக்கு முன்பே இவருக்கு இந்தக் கோளாறு தெரியும். என் போனில் பார்த்தாரே. ஆபீஸில் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவன் வந்து திட்டும் வரைக்கும் கோளாறை மூடி வைத்துக்கொள்வது, இதுதான் உங்கள் சார் வேலை பார்க்கிற லட்சணம். நீ இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. அதோடு நச்சரிப்பு வேறு. மெசேஜ் வருகிற வாரமானால், ‘வத்சலா, போன்ல சார்ஜ் இருக்கா? சிக்னல் வருதா? ஜன்னல் பக்கம் வையேன்.’ என் போனைப் பற்றி இவருக்கு என்ன வந்தது?

நான் அதற்காக உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள், போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு இன்னும் தட்டு வைக்கிறாள். அந்தக் கூத்தெல்லாம் என்னிடம் கிடையாது. மெசேஜ் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போவேன், அது வேறு. அங்கே மருந்துக்கடையில் என் சர்க்கரை மாத்திரை கொஞ்சம் மலிவு. ஊசி போடுகிற அறைக்கு வெளியே பெஞ்சு இருக்கிறது, அங்கே காற்று நன்றாக வரும், கொஞ்ச நேரம் உட்கார்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருத்தி தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவாள், அதற்கும் அதே ஊசிதான். ‘ஏனுங்க அக்கா, தம்பி வரலீங்களா?’ என்றாள். பரீட்சை என்றேன். அடுத்த தடவையும் கேட்டாள். பரீட்சை என்றேன். இப்போது கேட்பதில்லை. தள்ளி இடம் கொடுப்பாள். கடைசி டோக்கன் கூப்பிட்டதும் நான் எழுந்து வந்துவிடுவேன். அன்றைக்கு ராத்திரி இவர், ‘கூட்டமா இருந்துச்சா?’ என்பார். மருந்துக்கடையில் எப்போது கூட்டமில்லை?

பொள்ளாச்சி ஆள் எழுதியதும் உங்கள் ஆபீஸில் ஒரே ஓட்டம். யாராவது இறந்ததாக வார்டில் பதிந்தால் உடனே மெசேஜ் நிற்கும்படி செய்தாயிற்று, டெஸ்டிங்கில் பார்த்தால் நன்றாக நிற்கிறது, வெளியே விடப்போகிறோம் என்று இவர் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு ஆத்திரம். அதற்கும் மெசேஜுக்கும் சம்பந்தமில்லை. ஒரு வேலையை அவசரமாகச் செய்தால் எனக்கு ஆகாது. அதனால் கேட்டேன், நம் வீட்டில் எல்லோருக்கும் என் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறோம்? கவுண்டரில் நம்பர் சொல்லுங்க என்றால் எந்த வீட்டில் ஆளுக்கொரு நம்பர் சொல்கிறார்கள்? மாமியார், மருமகள், தொட்டில் குழந்தை, எல்லோருக்கும் வீட்டில் யாரிடம் போன் இருக்கிறதோ அந்த நம்பர்தான். ஒருத்தர் போய்விட்டார் என்று நீங்கள் மெசேஜை நிறுத்தினால் என்னுடைய சர்க்கரை டெஸ்ட்டுக்கு வருகிற மெசேஜ் வருமா வராதா?

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. ‘வரும்’ என்றார். பிறகு, ‘வரணும்’ என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். வரவில்லை. ஆபீஸ் பையன்கள் ஆளைப் பார்த்து நிறுத்தாமல் நம்பரைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் கிழவி ஒருத்தி போனால் பேத்தியின் தடுப்பூசி மெசேஜும் சேர்ந்து போயிருக்கும்.

ரிலீஸ் நின்றது. உங்கள் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கேக் வந்ததே, உனக்கு ஞாபகமிருக்கும். ‘மேடம் எங்க டீம்ல இருக்க வேண்டியவங்க’ என்று அந்தப் பெங்களூர் மானேஜர் போனில் வழிந்தார். கேக் முட்டை போடாதது, மரத்தூள் மாதிரி இருந்தது. வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். ஆனால் விசாகன் பெயருக்கு அடுத்த மெசேஜ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வேலையைத் திருத்தமாகச் செய்யட்டும் என்றுதான் நான் சொன்னேன், அதனால் கிடைத்த அவகாசம் அது. நான் கேட்டு வாங்கவில்லை.

திரும்பச் சரி செய்தார்கள். இந்தத் தடவை ஆளைப் பார்த்து. இவர் வீட்டிலிருந்தே டெஸ்டிங் பார்த்தார், அந்த மூலையில் உட்கார்ந்து. நான் துணி மடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். திரையில் என்ன பெயர் தெரியுமா? விசாகன். நிஜமான நோயாளிகள் விவரத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதாம், அதனால் பரிசோதனைக்கென்று ஒரு ஆளை இவரே தட்டி உருவாக்கிக்கொள்ளலாமாம். ஊரில் வேறு பெயரே இல்லையா என்று கேட்டேன். ‘இவன் கேஸ்லதான் எல்லாச் சிக்கலும் இருக்கு வத்சலா. பத்து வருஷ ஊசி, நடுவுல டாக்டர் மாறினது, ஒரே நம்பர்ல மூணு பேர். இவனுக்குச் சரியா நின்னா எல்லாருக்கும் சரியா நிக்கும்’ என்றார். அத்தனை ஊசியையும் தேதி தேதியாகத் தட்டியிருந்தார். பத்து வருஷத்தையும். எதையும் பார்த்துத் தட்டவில்லை. கூடப் போன எனக்கே அந்தத் தேதியெல்லாம் ஞாபகமில்லை. இந்தக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு எண்களென்றால் மட்டும் எப்படியோ மண்டையில் நின்றுவிடுகிறது.

அதில் ஒரு கட்டம் இருக்கிறது, உயிரோடு இருக்கிறார் என்று. அதை மாற்றி இறந்துவிட்டார் என்று வைப்பார். மெசேஜ் போகிறதா என்று பார்ப்பார். போகாது. பிறகு திரும்ப உயிரோடு இருக்கிறார் என்று வைப்பார். போகும். மறுபடி மாற்றுவார். அவர் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தாயிற்று, அப்புறமும் மாற்றிக்கொண்டே இருந்தார். காலையில் அதே, சாப்பிட்டுவிட்டு வந்து அதே. அந்தப் பக்கம் மாற்றியதும் உடனே கை திரும்ப வந்துவிடும். உயிரோடு இருக்கிற பக்கம் வைத்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், பெற்ற பிள்ளையை இப்படி மாற்றி மாற்றித் தட்டுகிறீர்களே, உங்களுக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லையா, உங்களுக்கு இது வெறும் வேலைதானா என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போது பார்த்தாலும் கண்ணாடி துடைப்பு.

அதற்குப் பிறகு எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. வேறு ஓட்டை இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும்போது யோசிப்பேன், கோவிலில் சுற்றும்போது யோசிப்பேன். தவறுதலாக உயிரோடு இருக்கிறவரை இறந்ததாகப் பதிந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வேறு ஆஸ்பத்திரியில் இறந்தால்? அதற்கும். ஒவ்வொன்றாய்க் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் இவர் மெதுவாகப் பதில் சொன்னார். ‘வேற ஏதாவது தோணுதா?’ என்று அவரே கேட்பார். ‘நல்லா யோசி வத்சலா.’ என்னைப் பரீட்சை பார்க்கிறாராம். கடைசியில் ஒரு நாள், இல்லை, எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஜெயித்த மனுஷன் கொஞ்சம் சந்தோஷமாக இருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை மீட்டிங்கில் நீயும் இருந்தாய். உன் குரல் கேட்டது, ‘எங்க பக்கம் ரெடி சார்’ என்று. பெங்களூர்க்காரர் ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே வந்தார், எல்லோரும் ரெடி, ரெடி என்றீர்கள். கடைசியில் இவரிடம், ‘தணிகாசலம், டெஸ்டிங்?’ என்றார். ‘தணிகாசலம், மியூட்ல இருக்கீங்க போல’ என்றார். நான் காபியோடு உள்ளே போனேன். மியூட்டில் இல்லை. மைக் திறந்துதான் இருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு அந்த லேப்டாப்பை, தூங்குகிற குழந்தைமேல் போர்வையை இழுத்து விடுவது போல மூடினார். அறைக்குள் போனவர்தான்.

பெங்களூர்க்காரர்மேல் ஏதோ கோபம் என்று நினைக்கிறேன். ப்ரமோஷன் விஷயத்தில் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. அல்லது என்மேல் கோபம். நான் வாயை மூடிக்கொண்ட பிறகும் என்மேல் என்ன கோபம்? நான்தான் விட்டுவிட்டேனே. சரி என்று சொல்ல வேண்டியவர் இவர். இவரைத் தடுத்தது யார்?

என்ன, நேரமாகிறதா? இரு. இந்த முறுக்கை எடுத்துக்கொள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அந்தப் பெங்களூர்க்காரர் இவருக்குப் பதிலாக உன்னைத்தான் கேட்பார், இல்லையா? டெஸ்டிங் ரெடியா என்று. நீ என்ன சொல்வாயோ அதுதான். நீ சரியாகப் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். நானும் பார்த்துவிட்டேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பொள்ளாச்சிக்காரனுக்கு இனி மெசேஜ் போகாது. பாவம், போகக் கூடாதுதான். அன்றைக்கு நான் பேசியது தப்பென்று வேண்டுமானால் அவனிடம் சொல்லிக்கொள்ளட்டும் இவர்.

ஆனால் புதன்கிழமை வர வேண்டியது ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை ஊசி.

எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு என்ன, மருந்துக்கடைக்கு எந்த நாளும் போகலாம், அந்தப் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இவருக்காகத்தான் கேட்கிறேன். நேற்று ராத்திரி கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசாத மனுஷன், அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, ‘போன்ல சார்ஜ் போட்டு வச்சிருக்கியா?’ என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டார்.

நீ பொய் சொல்ல வேண்டாம். நானும் பொய் சொல்லி வளர்ந்தவளில்லை, முட்டி போட வைத்துவிடுவார்கள் எங்கள் கான்வென்டில். சின்னதாய் ஒரு சந்தேகம் இருக்கிறது, இந்த வாரம் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால் போதும். புதியவள் நீ, உன்னை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்த மேடத்துக்கு ஒரு சந்தேகம் என்று என் பெயரைச் சொல். கேக்கெல்லாம் அனுப்பினார்களே, எனக்கு அந்த உரிமை உண்டு. இதோடு சேர்ந்து போக வேண்டிய மற்றதெல்லாம் நிற்கும் என்கிறாய், குழந்தைகள் தடுப்பூசி மெசேஜ் லேட்டாகப் போகிற கோளாறும் இதில்தான் சரியாகிறது என்கிறாய். ஒரு வாரம்தானே. நான் அந்தப் பெற்றவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாரம்.

ஏன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? காபி ஆறிவிட்டதா? அந்தக் கதவைப் பார்க்காதே, அவர் வர மாட்டார், அவரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது. உன்னைத்தான் கேட்கிறேன். புதன்கிழமை அது வந்துவிடட்டும். வியாழக்கிழமை காலையில் நீ என்ன வேண்டுமானாலும் செய், நானே உனக்குப் போன் போட்டு, விடு என்று சொல்கிறேன்.

மித்ரா, திங்கட்கிழமை அவர் கேட்கும்போது, இன்னும் ரெடியில்லை என்று சொல்கிறாயா?